பொம்பளைக் கை

எங்கள் சபையின் பாடகர் குழுவில் பேஸ் கிட்டார் வாசித்துக்கொண்டிருந்த தம்பி, துபாயில் வேலை கிடைத்துப் போய்விட்டான். இரண்டு மாதம் அந்த இடம் காலியாகவே கிடந்தது. எனக்குச் சாதாரண கிட்டார் ஓரளவு வரும். "பேஸ் நான் பழகிக்கிறேன்" என்று சொன்னபோது யாரும் மறுக்கவில்லை. "சரிம்மா, வேற ஆள் கிடைக்கிற வரைக்கும் வாசி" என்றார்கள். அப்போது எனக்கு முப்பத்தெட்டு வயது.

கிட்டாரோடு சேர்ந்து ஓர் ஆம்ப்ளிஃபயரும் என் பொறுப்புக்கு வந்தது. 1980களில் யாரோ வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து சபைக்குக் கொடுத்தது. இடுப்புயரப் பெட்டி, உள்ளே ஒரே ஒரு 15 இஞ்ச் ஸ்பீக்கர். நகர்த்த இரண்டு பேர் வேண்டும். முன்பக்கம் ஒட்டியிருந்த கம்பெனிப் பெயர் என்றோ உதிர்ந்துவிட்டது. ஆனால் அதன் சத்தத்துக்கு ஒரு கனம் உண்டு. வெறுங்காலோடு பக்கத்தில் நின்றால் பாதத்தில் தெரியும்.

நான் வாசிக்கத் தொடங்கிய சில வாரங்களில் ஒரு கரகரப்பு எழுந்தது. எல்லாச் சுரத்திலும் இல்லை. தடித்த கம்பியில், ஆகக் கீழே இறங்கும்போது மட்டும், சுரத்தோடு சேர்ந்து தொண்டை கட்டியதுபோல ஓர் இரைச்சல். குழுவை நடத்தும் அண்ணன் தலையைத் திருப்பிப் பார்த்தார். ஆராதனை முடிந்ததும் பக்கத்தில் வந்து, "ஃப்ரெட் பஸ் வருதும்மா. கம்பியில அழுத்தம் பத்தல. பொம்பளைக் கை இல்லையா, அப்படித்தான் இருக்கும். பழகப் பழகச் சரியாயிடும்" என்றார்.

அவர் திட்டவில்லை. ஆறுதலாகத்தான் சொன்னார். அதனால்தான் அது உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. ஃப்ரெட் பஸ் என்பது உண்மையிலேயே உள்ள குறைதான். கம்பியைச் சரியாக அழுத்தாவிட்டால் அது ஃப்ரெட்டில் மோதி இரையும். பேஸ் கம்பிகள் தடிமன், கிட்டாரின் கழுத்தும் நீளம். என் கை சின்னது. கணக்கு சரியாக இருந்தது.

ஐந்து மாதம் பழகினேன். இரவு பாத்திரம் கழுவிவிட்டு உட்கார்ந்து, இடதுகை விரல் நுனி தோலுரியும்வரை அந்தத் தடித்த கம்பியையே அழுத்திக்கொண்டிருப்பேன். மணிக்கட்டில் வலி வந்தது. தைலம் தடவிக்கொண்டு மறுநாளும் உட்கார்ந்தேன். தினமும் இருபது சப்பாத்திக்கு மாவு பிசைகிற கை, ஒரு கம்பியை அழுத்தப் போதாது என்று நானே நம்பினேன்.

கரகரப்பு போகவில்லை. அதனால் ஒரு தந்திரம் கற்றுக்கொண்டேன். கீழே இறங்க வேண்டிய இடங்களில் இறங்காமல், அதே சுரத்தை மேல் ஸ்தாயியில் வாசித்துச் சமாளித்தேன். வால்யூமையும் குறைத்துக்கொண்டேன். "பேஸே கேக்கலையேம்மா" என்றார்கள். அதற்கும் என் கைதான் காரணம் என்று ஆனது.

ஒரு சனிக்கிழமை ஒத்திகைக்குச் சீக்கிரமே போயிருந்தேன். சண்டே ஸ்கூல் பிள்ளைகள் ஒரு ஃபோனை ஆம்ப்பில் செருகிப் பாட்டுப் போட்டுக்கொண்டிருந்தார்கள். பாட்டு கீழே இறங்கிய இடத்தில் அதே கரகரப்பு. என் கிட்டார் உறையைவிட்டு இன்னும் வெளியே வரவில்லை.

பிள்ளைகள் போன பிறகு என் ஃபோனைச் செருகினேன். சுத்தமான ஒற்றைச் சுரம் எழுப்பும் செயலி ஒன்றை இறக்கிக்கொண்டேன். பேஸ் கிட்டாரின் தடித்த கம்பியை விரல் வைக்காமல் மீட்டினால் விநாடிக்கு 41 அதிர்வு. 41 வைத்தேன்: கரகரத்தது. 80 வைத்தேன்: குறைந்தது. 200இல் ஒன்றுமே இல்லை, சுத்தமாக இருந்தது. மறுபடி 41: கரகரத்தது. ஃபோனுக்கு விரல் கிடையாது.

எனக்கு நிம்மதி வரவில்லை, கோபம்தான் வந்தது. அந்த அண்ணன்மேல்கூட அவ்வளவு இல்லை. துபாய் போன தம்பி வாசித்த காலத்தில் ஒருமுறை இதே ஆம்ப் இரைந்தது நினைவுக்கு வந்தது. அன்று நாலு பேர் ஓடிவந்து கேபிளை மாற்றினார்கள், பிளக்கை ஆட்டிப் பார்த்தார்கள், மிக்ஸரைத் திட்டினார்கள். அவன் கையை யாரும் பார்க்கவில்லை. நான் வாசித்தபோது எல்லோரும் கையைப் பார்த்தார்கள். அவர்களோடு சேர்ந்து நானும் என் கையைத்தான் பார்த்தேன். ஐந்து மாதத்தில் ஒருநாளாவது அந்தப் பெட்டியைச் சந்தேகிக்க எனக்குத் தோன்றவில்லை.

பிளக்கைப் பிடுங்கிவிட்டு, அடுத்த நாள் மதியம் ஸ்பீக்கரைக் கழற்றினேன். எட்டு ஸ்குரூ, இரண்டு வயர், அவ்வளவுதான். பெரிய வித்தை ஏதும் இல்லை என்று தெரிந்தபோது கொஞ்சம் வெட்கமாகக்கூட இருந்தது. பின்னால் 8 ஓம்ஸ் என்று அச்சிட்டிருந்தது. வீட்டில் இருந்த மல்டிமீட்டர் 5.8 காட்டியது. எட்டு ஓம்ஸ் ஸ்பீக்கருக்கு மீட்டரில் ஆறை ஒட்டித்தான் வரும். காயில் அறுந்திருந்தால் முள்ளே நகராது. ஆக, காயில் உயிரோடு இருக்கிறது. இரண்டு கை விரல்களையும் விரித்து, காகிதக் கோனைச் சமமாக உள்ளே அழுத்தினேன். உப்புத்தாளில் உரசுவதுபோல ஒரு சத்தம். விரலிலேயே உணர முடிந்தது.

ஸ்பீக்கரின் வேலை எளிமையானது. காந்தத்தின் நடுவே வட்டமாக ஓர் இடுக்கு. அதற்குள் செம்புக் கம்பி சுற்றிய காயில் எதையும் தொடாமல் மிதக்கிறது. மின்சாரம் வரும்போது அது முன்னும் பின்னும் அசைந்து காகிதக் கோனைத் தள்ளுகிறது. அமெரிக்காவில் ரைஸ், கெல்லாக் என்ற இரண்டு பொறியாளர்கள் 1925இல் இதை எழுதி வெளியிட்டார்கள். இன்றுவரை அடிப்படை மாறவில்லை. சுரம் கீழே போகப் போகக் கோன் அதிகம் அசைய வேண்டும். அதனால்தான் உரசல் கீழ்ச் சுரங்களில் மட்டும் கேட்டது.

அக்கா மகன் பிளஸ் டூ படிக்கிறான். ஸ்பீக்கரைத் தூக்க அவனைக் கூட்டிக்கொண்டு ரிச்சி ஸ்ட்ரீட் போனேன். முதல் கடையில் இருந்தவர் அவனைப் பார்த்து, "தம்பி, எத்தனை வாட்ஸ்ல ஓட்டுறீங்க?" என்றார்.

"எனக்குத் தெரியாது. சித்திகிட்ட கேளுங்க."

"எட்டு ஓம்ஸ். மீட்டர்ல 5.8 வருது. காயில் கட் ஆகல, உரசுது" என்றேன்.

அவர் கவனமாகக் கேட்டுக்கொண்டு, மறுபடியும் பையனிடமே சொன்னார்: "தம்பி, இதுக்குச் செலவு பண்றது வேஸ்ட். புதுசு ஒண்ணு வாங்கிப் போட்டுடுங்க."

மூன்று கடை தாண்டி, ஒரு சந்துக்குள் கோன் மாற்றும் பாய் ஒருவர் இருந்தார். அவர் பையனையும் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. ஸ்பீக்கரை வாங்கி, நான் செய்தது போலவே விரல்களை விரித்து அழுத்தினார். "மேக்னட் அருமையா இருக்கு. ஃப்ரேமும் வளையல. இத்தனை வருஷம் நிமிர்ந்தே நின்னிருக்கு இல்ல, ஸ்பைடர் தளர்ந்து கோன் மயிரிழை கீழ இறங்கிடுச்சு. சில பேரு ஸ்பீக்கரைத் தலைகீழாத் திருப்பி மாட்டி இன்னும் கொஞ்ச நாள் ஓட்டுவாங்க. உங்களுது அந்த நிலைமையைத் தாண்டிடுச்சு. காயில் மேல வார்னிஷே தேஞ்சிருக்கும். கோன், காயில், ஸ்பைடர் மூணும் மாத்தணும்."

புது ஸ்பீக்கர் விலையில் மூன்றில் ஒரு பங்குதான் கேட்டார். பக்கத்தில் இருந்து பார்க்கலாமா என்று கேட்டேன். ஸ்டூலை நகர்த்திப் போட்டார்.

பிளேடால் பழைய கோனை அறுத்தெடுத்தார். வெளியே வந்த காயிலில் ஒரு பக்கம் மட்டும் செம்பு பளபளவென்று தேய்ந்திருந்தது. ஐந்து மாதமாக நான் தேடிய குற்றவாளி. ஃப்ரேமில் ஒட்டியிருந்த பழைய பசையைச் சுரண்டினார். டேப்பை மடித்து இடுக்குக்குள் விட்டுத் தூசியை எடுத்தார். புதுக் காயிலை எடுத்தபோது, "சைஸ் பழைய மாடல், ரெடிமேடா வராது. இந்த மாதிரி காயில் எல்லாம் எங்க வீட்டம்மாதான் சுத்துவாங்க" என்றார்.

"கடைக்கு வருவாங்களா?"

"கடைக்கு எதுக்கும்மா? வீட்டுலயே சுத்திடுவாங்க."

காயில் இடுக்கின் நடுவில் நிற்பதற்காக, பழைய எக்ஸ்ரே ஃபிலிமைக் குச்சி குச்சியாக வெட்டிச் சுற்றிலும் செருக வேண்டும். அவர் விரல் தடிமனாக இருந்தது. இரண்டு முறை நழுவியதும், "உங்க விரல் சின்னதா இருக்கு, நீங்க செருகுங்க" என்று என்னிடம் கொடுத்தார். செருகினேன். நாலும் நேராக நின்றன.

திரும்பி வரும்போது அதைப் பற்றியே யோசித்துக்கொண்டு வந்தேன். ஸ்ரீபெரும்புதூரில் 2006இல் தொடங்கி 2014இல் மூடப்பட்ட நோக்கியா தொழிற்சாலையில் ஃபோன் பாகங்களைப் பொருத்தியவர்களில் பெரும்பாலோர் இளம்பெண்கள். 1950களில் கலிபோர்னியாவின் ஃபுல்லர்டன் நகரில், ஃபெண்டர் ஆம்ப்ளிஃபயர்களுக்கு வயர் கோத்து சால்டர் செய்தவர்களில் நிறையப் பேர் பெண்கள். அந்தப் பழைய ஆம்ப்களைத் திறந்தால், உள்ளே ஒரு துண்டு டேப்பில் அவர்களுடைய முதல்பெயர் எழுதி ஒட்டியிருக்கும். சின்ன விரல், நுணுக்கமான வேலைக்கு ஏற்றது என்றுதான் அசெம்பிளி வரிசையில் பெண்களை உட்கார வைக்கிறார்கள். அதே பெட்டி கெட்டுப்போனால் திறந்து பார்ப்பது ஆண்கள். அதை மேடையில் வைத்து வாசிக்க வந்தால், அதே சின்ன விரல் குறையாகிவிடுகிறது. கை ஒன்றுதான். எந்த இடத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்து அதன் பெயர் மாறுகிறது.

1963இல் லாஸ் ஏஞ்சலீஸில் ஓர் ஒலிப்பதிவுக்கு பேஸ் வாசிப்பவர் வராமல்போக, அங்கே கிட்டார் வாசிக்க வந்திருந்த கேரல் கே அந்த பேஸை எடுத்து வாசித்தார். நானும் காலியான இடத்தில்தான் உட்கார்ந்தேன் என்பதால் அவரை எனக்குப் பிடிக்கும். அதன்பிறகு அமெரிக்காவின் ஏராளமான பாட்டுகளில் பேஸ் அவருடையதுதான். கேட்டவர்களில் பலருக்கு அவர் பெயரே தெரியாது. அந்தக் காலத்து இசைத்தட்டு உறைகளில் பின்னணியில் வாசித்தவர்களின் பெயரைப் பெரும்பாலும் போடுவதில்லை. அதுவும் ஒரு பொம்பளைக் கைதான்.

பசை காய ஓர் இரவு ஆனது. மறுநாள் ஃபிலிம் துண்டுகளை உருவி, டஸ்ட் கேப் ஒட்டி, பாய் கொடுத்தனுப்பினார். பழைய சத்தம் அப்படியே வரவில்லை. புதுக் காகிதம் முதல் சில வாரம் கொஞ்சம் விறைப்பாகத்தான் பேசும் என்று அவர் முன்பே சொல்லியிருந்தார். ஆனால் 41இல் சுத்தமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை வால்யூமை ஏற்றி, இறங்க வேண்டிய இடத்தில் எல்லாம் இறங்கி வாசித்தேன். பாதத்தில் தெரிந்தது. ஆராதனை முடிந்ததும் அந்த அண்ணன் வந்தார். "ஆம்ப் சூப்பரா இருக்கும்மா" என்றார்.

நான் சிரித்துவிட்டேன். கெட்டபோது கை, நன்றாக இருந்தால் ஆம்ப். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டு, நடந்ததை முழுதாகச் சொன்னேன். தேய்ந்த காயிலையும் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். மன்னிப்பு ஏதும் கேட்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு எதில் இரைச்சல் வந்தாலும் என்னைத்தான் கூப்பிடுகிறார்.

அந்தக் காயில் இப்போது என் கிட்டார் உறையின் பக்கப் பையில் இருக்கிறது. போன மாதம் கல்லூரி படிக்கும் ஒரு பெண் என்னிடம் பேஸ் கற்க வந்தாள். மூன்றாவது நாள் எங்கோ ஓர் இரைச்சல். உடனே வாசிப்பை நிறுத்தி, தன் விரலைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே, "என் கை சரியில்லையாக்கா?" என்றாள்.

"இருக்கலாம். அதைக் கடைசியாப் பார்ப்போம். முதல்ல அந்த கேபிளை மாத்து" என்றேன்.