தேறுவானா?

போன டிசம்பர்ல ஒரு ராத்திரி. மேத்ஸ் அரியருக்குப் படிக்கிறேன் என்ற பேரில் ஹாஸ்டல் மொட்டைமாடியில் உட்கார்ந்திருந்தேன். மெல்போர்னில் இருக்கும் சித்தி பையனிடமிருந்து வாய்ஸ் மெசேஜ். அங்கேயே பிறந்து வளர்ந்தவன். தமிழ் பேசுவான், எழுத வராது. "அண்ணா, லிஸ்ட்ல என் பேர் இல்ல. கோச் நல்லாத்தான் பேசினார். ஒருத்தன் தேறுவானா மாட்டானான்னு பதினேழு வயசுலயே தெரிஞ்சிடுமா?"

அவன் ஆடுவது ஃபுட்டி. அதாவது ஆஸ்திரேலியன் ரூல்ஸ் ஃபுட்பால். முட்டை மாதிரி பந்து, ஓவல் மைதானம், ஒரு பக்கத்துக்கு 18 பேர். நடுக்கம்பங்களுக்கு இடையே உதைத்தால் 6 பாயின்ட். கொஞ்சம் தள்ளிப் போனாலும் 1 பாயின்ட் உண்டு (நம்ம இன்டர்னல் மார்க் மாதிரி). நடுவர் பந்தை மேலே எறிய, ரெண்டு நெட்டையான ஆட்கள் எகிறி அதைத் தங்கள் ஆட்கள் பக்கம் தட்டிவிடப் பார்ப்பார்கள். அவர்களுக்கு ரக்மேன் என்று பேர். நம்ம ஆள் ரக்மேன்.

முதல் வருஷ லீவில் சித்தி வீட்டுக்குப் போயிருந்தபோது அவன் ஆடிப் பார்த்திருக்கிறேன். ஜூன் மாதக் குளிர், மைதானமே சேறு. எகிறுவதில் குறையே இல்லை. ஆனால் உடம்பு முருங்கைக்கொம்பு. எதிரே இருந்தவன் எகிறக்கூட இல்லை, தோளால் லேசாக ஒரு நெட்டு. இவன் ரெண்டடி தள்ளிப்போய் நின்றான். அன்றைக்கு முழுக்க அதேதான் நடந்தது. சித்தி ஃபிளாஸ்க்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஒரு வார்த்தை பேசவில்லை.

மெசேஜுக்கு என்ன பதில் சொல்வதென்று தெரியாமல் தேட ஆரம்பித்தேன். பரீட்சைக்கு முந்தின ராத்திரி இதிலெல்லாம் நாம கெட்டிதானே. ரெண்டு பேர் கிடைத்தார்கள். ரெண்டு பேரும் 1991-ல் பிறந்தவர்கள், ரெண்டு பேரையும் எடுத்தது மெல்போர்ன் கிளப்.

அங்கே ஐபிஎல் மாதிரி ஏலம் கிடையாது. டிராஃப்ட். கடைசி இடத்தில் முடித்த அணி முதலில் ஆளை எடுக்கும், பையனுக்கு எங்கே போவது என்ற சாய்ஸே இல்லை. 2008-ல் கடைசியாக வந்த மெல்போர்ன், முதல் நம்பராக ஜேக் வாட்ஸை எடுத்தது. அடுத்த வருஷம் 34-ம் நம்பராக மேக்ஸ் காவ்னை எடுத்தது. காவ்ன் பிறந்தது டிசம்பர் 30. ரெண்டு நாள் தள்ளிப் பிறந்திருந்தால் அடுத்த வருஷ டிராஃப்டுக்குத்தான் வந்திருப்பார்.

வாட்ஸ் முதல் மேட்ச் ஆடியது 2009 ஜூன் மாதம், ராணி பிறந்தநாள் லீவு அன்று, எம்.சி.ஜி.யில், கொலிங்வுட்டுக்கு எதிராக. அப்போது அவர் இன்னும் பன்னிரண்டாவது படிக்கிற பையன்! பந்தைக் கையில் எடுத்ததும் கொலிங்வுட் ஆட்கள் கும்பலாக வந்து அமுக்கினார்கள். அந்தக் காட்சி அவர் கூடவே பல வருஷம் வந்தது. என்ன ஆடினாலும் 'முதல் நம்பர் இவ்வளவுதானா' என்ற பேச்சு. அவர் அங்கே இருந்த ஒன்பது சீசனில் முழுநேரக் கோச் மட்டும் நாலு பேர் மாறினார்கள். இடைக்காலமாக வந்தவர்கள் தனி.

காவ்னைப் பற்றி யாரும் பேசவே இல்லை. ஏறக்குறைய 208 சென்டிமீட்டர் உயரம், முழங்கால் ஆபரேஷன், அறிமுகமே 2011-ல்தான். பிராக்டிஸுக்குப் போகும் வழியில் சிகரெட் பிடித்து மாட்டிக்கொண்டதை அவரே பின்னால் சொல்லிச் சிரித்திருக்கிறார். அவருக்கு முன்னால் மார்க் ஜமார் என்று ஒரு நல்ல ரக்மேன் இருந்தார். அதனால் அவசரமாகக் களத்தில் இறக்க வேண்டிய தேவை கிளப்புக்கு இல்லை. 2016-ல் முதல்முறையாக ஆல்-ஆஸ்திரேலியன் அணியில் காவ்ன் பேர் வந்தது, எடுத்து ஏழாவது வருஷம். 2021-ல் பெர்த்தில் நடந்த ஃபைனலில் மெல்போர்ன் 74 பாயின்ட் வித்தியாசத்தில் ஜெயித்தது. 1964-க்குப் பிறகு அதுதான் முதல் கோப்பை, கேப்டன் காவ்ன்.

இதை அப்படியே அனுப்பியிருந்தால் தம்பிக்கு நல்ல மோட்டிவேஷன் வீடியோ ஆகியிருக்கும். எனக்கு மனசு வரவில்லை. 34-ம் நம்பரில் வந்து ரெண்டே வருஷத்தில் வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்களும் இருப்பார்களே. அதைவிட, வாட்ஸ் தேறவில்லை என்று யார் சொன்னது? 2017-ல் அதே ராணி பிறந்தநாள் மேட்ச், அதே கொலிங்வுட், அதே மைதானம். கடைசி நிமிடங்களில் ஒரு ஆளை ஏமாற்றித் தாண்டி அவர் அடித்த கோல்தான் மேட்ச்சை வாங்கிக்கொடுத்தது. வித்தியாசம் வெறும் 4 பாயின்ட். அந்த சீசன் முடிந்ததும் கிளப் அவரை போர்ட் அடிலெய்டுக்கு அனுப்பிவிட்டது. 2019-ல் கால் உடைந்து, அந்த வருஷமே ஓய்வு. மொத்தம் 174 மேட்ச். நம்ம காலேஜில் 174 நாள் கிளாஸுக்கு வந்தவனைக் காட்டுங்கள், பார்ப்போம். அவர் தேறினார். முதல் நம்பர் அளவுக்குத் தேறவில்லை, அவ்வளவுதான். அந்த நம்பரை அவரா கேட்டு வாங்கினார்?

முதல் செமஸ்டரில் மூணு அரியர் வைத்தபோது ஒருத்தர் கிளாஸ் முன்னாடியே என்னிடம், "நீ தேற மாட்டே" என்றார். ரெண்டை முடித்துவிட்டேன். அதை அவர் கவனித்ததாகத் தெரியவில்லை.

கடைசியில் தம்பிக்கு ஒன்பது நிமிஷம் வாய்ஸ் மெசேஜ் அனுப்பினேன். ரெண்டு பேர் கதையையும் சொன்னேன். நெட்டையான பசங்களுக்கு உடம்பு போடவே இருபத்திரண்டு, இருபத்திமூணு வயசு ஆகும், ரக்மேனைப் பதினேழில் எடை போடுவது மாங்காயைக் கடித்துவிட்டு மரத்தைத் திட்டுவது மாதிரி என்றேன். நீ கண்டிப்பா தேறுவே என்று மட்டும் சொல்லவில்லை. அவன் கேட்டதும் அது இல்லை.

மறுநாள் பதில் வந்தது: "சரி அண்ணா. ஆனா ஜமார் மாதிரி ஒருத்தர் எனக்கு முன்னாடி இல்லையே, எல்லா மேட்ச்சும் நானேதான் அடி வாங்கணும்."

மார்ச்சில் என் ரிசல்ட் வந்தது. மேத்ஸ் மறுபடியும் போச்சு. சொன்னதும், "இது எத்தனாவது தடவை?" என்று கேட்டுவிட்டு அவனே சிரித்துவிட்டான். இப்போது ஊர் கிளப்பின் ரெண்டாவது டீமில், வேலைக்குப் போகும் பெரிய ஆட்களோடு ஆடுகிறான். சனிக்கிழமை காலை பத்து மணிக்கு மேட்ச், சித்தி வீடியோ கால் போடுகிறேன் என்றிருக்கிறாள். நமக்கு அது விடிகாலை அஞ்சரை. அலாரம் வைத்திருக்கிறேன். ரூம்மேட்ஸ் மன்னிக்கவும்.