சனிக்கிழமைப் பனித்தளம்

என் மகளுக்குப் பன்னிரண்டு வயது. நான்கு ஆண்டுகளாகச் சனிக்கிழமைதோறும் பனிச்சறுக்கு வகுப்புக்குப் போகிறாள். இதைச் சொன்னதும் உறவினர்கள் கேட்கும் முதல் கேள்வி, "எந்த லெவல்?" அடுத்தது, "போட்டிக்குப் போறாளா?" என் மாமியார் மட்டும் சுற்றி வளைக்காமல் கேட்பார்: "பரதம் கத்துக்கிட்டா கோயில்ல ஆடலாம். இதை எங்கே போய் ஆடுறது, ஐஸ் பெட்டிக்குள்ளயா?"

இதையெல்லாம் சிரித்துக்கொண்டே கடந்து வந்தோம். 2024 இறுதியில் அதே கேள்வி எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கே வந்துவிட்டது. மகளின் பயிற்றுநர் என்னையும் கணவரையும் உட்காரவைத்துப் பேசினார். போட்டிப் பிரிவில் சேர்வதென்றால் வாரத்தில் ஐந்து நாள் வர வேண்டும், அதுவும் பேரங்காடி திறப்பதற்கு முன், விடியற்காலையில். தனிப்பயிற்சி, பனித்தளக் கட்டணம், சொந்தக் காலணி, ஆடை என்று அவர் சொன்னதைக் கூட்டிப் பார்த்தால் எங்கள் வீட்டுக் கடனின் மாதத் தவணையை நெருங்கியது. "சேராவிட்டால்?" என்றார் கணவர். "இப்போது போலவே வரலாம். ஆனால் போட்டி அளவுக்கு உயர முடியாது" என்றார் அவர். நேர்மையான பதில்.

வெப்ப நாட்டுப் பிள்ளைகளால் முடியாது என்று யாரும் சொல்ல முடியாது. சன்வே பிரமிட் பேரங்காடியின் பனித்தளத்தில் சறுக்கிப் பழகியவர்தான் ஜூலியன் யீ. 2017இல் கோலாலம்பூரில் நடந்த சீ விளையாட்டுப் போட்டியில் பனிச்சறுக்கு முதன்முறையாகச் சேர்க்கப்பட்டபோது ஆண்கள் பிரிவில் தங்கம் வென்றார். மறு ஆண்டு பியோங்சாங் குளிர்கால ஒலிம்பிக்கில் நம் கொடியை ஏந்தினார். அங்கே முதல் சுற்றில் அவருக்குக் கிடைத்தது 25ஆம் இடம். முதல் 24 பேர்தான் அடுத்த சுற்றுக்குப் போகலாம். அதே ஒலிம்பிக்கில் 1500 மீட்டர் விரைவுச் சறுக்கில் கலந்துகொண்ட செயேன் கோ, சிங்கப்பூரின் முதல் குளிர்கால ஒலிம்பிக் வீராங்கனை.

இவர்களை நினைத்தால் பெருமையாக இருக்கிறது. ஆனால் என் மகள் அவர்களில் ஒருத்தி அல்ல. வகுப்பில் நடுவில் நிற்பவள். விழுவாள், எழுவாள், தானாகச் சிரித்துக்கொள்வாள்.

அவளுக்காகக் காத்திருந்தே நானும் பல விஷயங்களைக் கற்றுக்கொண்டேன். வெளியே 33 டிகிரி கொளுத்தும்போது உள்ளே பனிக்கட்டி எப்படி நிற்கிறது? அடியில் சிமெண்டுத் தளம், அதற்குள் வரிசை வரிசையாகக் குழாய்கள். உறைநிலைக்கும் கீழே குளிரூட்டிய திரவம் அவற்றில் ஓடிக்கொண்டே இருக்கும். மேலே உள்ள பனிக்கட்டி சில சென்டிமீட்டர் கனம்தான். இடைவேளையில் ஒரு வண்டி ஊர்ந்து வந்து மேற்பரப்பைச் சீவி, பின்னாலேயே தண்ணீர் விட்டுச் செல்லும். பெரும்பாலும் அது வெந்நீர். வெந்நீர் மேல்பரப்பைச் சற்று இளக்கிக் கீறல்களை நிரப்புவதால், உறைந்த பிறகு தளம் கண்ணாடிபோல் ஆகிவிடும்.

காலணியின் அடியில் இருப்பது கத்தி போன்ற ஒற்றைக் கூர் என்று நினைத்திருந்தேன். அப்படியல்ல. நடுவே மெல்லிய பள்ளம், இருபுறமும் இரண்டு விளிம்புகள். எந்த விளிம்பில் உடலைச் சாய்க்கிறோமோ அந்தப் பக்கம் வளைந்து போகலாம். நேராகப் போவதைவிடச் சாய்வதைக் கற்பதற்குத்தான் காலம் பிடிக்கிறது.

முடிவெடுக்காமலேயே 2025 பிப்ரவரியில், பள்ளி ஆண்டிறுதி விடுமுறையில், கனடாவின் ஒட்டாவா நகரில் இருக்கும் என் அக்கா வீட்டுக்குப் போனோம். நகரின் நடுவே ரிடோ கால்வாய் ஓடுகிறது. குளிர்காலத்தில் அது உறைந்ததும் 7.8 கிலோமீட்டர் நீளத்துக்குச் சறுக்குப் பாதையாகிவிடும். நுழைவுக் கட்டணம் இல்லை.

முதல் நாள் காலை குளிர் மைனஸ் 15. மூக்குமுடியெல்லாம் உறைவதுபோல் இருந்தது. ஆனால் கால்வாயில் கூட்டம். முதுகில் மடிக்கணினிப் பையோடு ஒருவர் அலுவலகம் போய்க்கொண்டிருந்தார். ஓர் இளம் தந்தை குழந்தையைச் சறுக்கு வண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனார். எழுபது வயதைத் தாண்டிய கணவன் மனைவி கைகோத்து, பேசியபடியே மெதுவாகச் சறுக்கிப் போனார்கள்.

மகள் வெகுநேரம் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு கேட்டாள்: "இவங்கல்லாம் எந்த லெவல், பெரியம்மா?"

அக்காவுக்குப் புரியவில்லை. "லெவலா? பஸ் ஏற எந்த லெவல் வேணும்?" என்றார்.

இயற்கையாக உறைந்த பனி பேரங்காடிப் பனி போல வழவழப்பாக இருக்காது. வெடிப்பும் மேடும் பள்ளமும் இருக்கும். மகள் முதல் அரை மணி நேரத்தில் நான்கு முறை விழுந்தாள். பிறகு பிடிபட்டது. அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு நானும் இருநூறு மீட்டர் போல நகர்ந்தேன். கரையோரக் கடையில் பீவர்டெயில் வாங்கிச் சாப்பிட்டோம். நீளமாகத் தட்டி எண்ணெயில் பொரித்த மாவு, மேலே சர்க்கரையும் பட்டைத்தூளும். சூடாகச் சாப்பிட்டபோது நம் ஊர்ப் பலகாரம்தான் நினைவுக்கு வந்தது.

அங்கும் இது நிச்சயமான சுகமில்லை என்பதை அன்றிரவு அக்கா சொன்னார். 2022–23 குளிர்காலத்தில் பனி பாதுகாப்பான கனத்துக்கு உறையவில்லை. 1970களின் தொடக்கத்திலிருந்து ஆண்டு தவறாமல் திறந்த பாதை, அந்தப் பருவத்தில் ஒரு நாள்கூடத் திறக்கவில்லை. "ஊரே எதையோ தொலைச்ச மாதிரி இருந்துச்சு" என்றார். நெதர்லாந்திலும் பதினொரு நகரங்களை இணைத்து, உறைந்த கால்வாய்களில் ஏறத்தாழ 200 கிலோமீட்டர் சறுக்கிச் செல்லும் புகழ்பெற்ற பந்தயம் ஒன்று உண்டு. அது கடைசியாக நடந்தது 1997இல். அதன் பிறகு பந்தயம் நடத்தும் அளவுக்குப் பனி உறையவே இல்லை.

இங்கும் பனித்தளம் என்றும் இருக்கும் என்று சொல்வதற்கில்லை. சிங்கப்பூரில் ஒலிம்பிக் அளவுப் பனித்தளம் இருந்த ஜேகியூப் பேரங்காடி 2023இல் மூடப்பட்டது. மின்சாரமும் வாடகையும் கட்டுபடியாகும் வரைதான் நம் பனி.

வீடு திரும்பியதும் மகளிடமே கேட்டோம். "போட்டி வேணாம்மா. ஆனா சறுக்காம இருக்க முடியாது" என்றாள். கணவர் சற்று யோசித்தார். அந்த அளவு பணமும் நேரமும் கேட்காத வழியை அவளே தேர்ந்தெடுத்தது எங்களுக்கு நிம்மதி என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று அதில் இருந்தது.

நம் வீடுகளில் பிள்ளைகள் கற்கும் எல்லாவற்றுக்கும் ஏணி உண்டு. பியானோவுக்கு கிரேடு, டேக்வாண்டோவுக்கு பெல்ட், பரதத்துக்கு அரங்கேற்றம். ஏணி தவறில்லை, பல பிள்ளைகளை அது உயர்த்தியிருக்கிறது. ஆனால் ஏற முடியாத இடம் வந்ததும் நம் பிள்ளைகள் அந்தக் கலையையோ விளையாட்டையோ அடியோடு விட்டுவிடுகிறார்கள். என்னோடு பள்ளியில் பூப்பந்து விளையாடிய ஏழு பேரில் இன்றும் மட்டையைத் தொடுபவர் ஒருவர்கூட இல்லை. பள்ளியைப் பிரதிநிதிக்கும் காலம் முடிந்தது, விளையாட்டும் முடிந்தது. இப்போது மருத்துவர் நடக்கச் சொன்னதால் நடக்கிறோம். எழுபது வயதில் கைகோத்துச் சறுக்கிய அந்த இருவரும் எந்தப் போட்டியிலும் வென்றவர்களாக இருக்கத் தேவையில்லை. நிறுத்தாமல் இருந்தார்கள், அவ்வளவுதான்.

ஆகவே மகள் சனிக்கிழமை வகுப்பிலேயே தொடர்கிறாள். தேர்வு எழுதுவதும் எழுதாததும் அவள் விருப்பம். "எந்த லெவல்?" என்று கேட்பவர்களுக்கு, "சனிக்கிழமை லெவல்" என்று அவளே பதில் சொல்கிறாள்.

பள்ளி விடுமுறையில் பிள்ளைகளை ஒருமுறை அழைத்துப் போக நினைப்பவர்களுக்குச் சில குறிப்புகள். நீளக் கால்சட்டை, கணுக்காலுக்கு மேல் வரும் காலுறை, கையுறை அவசியம். காலணிக் கயிற்றைக் கணுக்கால் அசையாதபடி இறுக்கிக் கட்டுங்கள். விழப்போகிறோம் என்று தெரிந்தால் முழங்காலை மடக்கிப் பக்கவாட்டில் விழுங்கள், கையை ஊன்றாதீர்கள். விழுந்ததும் விரல்களை மடக்கிக்கொள்ளுங்கள். பெற்றோர் வெளியே உட்கார்ந்து கைப்பேசி பார்க்காமல் நீங்களும் காலணி மாட்டுங்கள்.

நான் மாட்டிவிட்டேன். இந்தச் சனிக்கிழமை பின்னோக்கிச் சறுக்கக் கற்றுத் தருவதாக மகள் வாக்குக் கொடுத்திருக்கிறாள். முன்னோக்கியே எனக்கு இன்னும் சரியாக வரவில்லை என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும்.