போடிமெட்டில் ஒரு ஸ்டீல் கிட்டார்

சென்னையிலிருந்து போடிநாயக்கனூருக்கு 2023 முதல் ரயில் உண்டு. அங்கிருந்து 17 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் போடிமெட்டு. வெயில் கீழேயே நின்றுவிடும். மேலே மூடுபனியும் ஏலக்காய் வாசமும்தான்.

அங்கே தோட்ட வீட்டில் இருக்கும் நண்பர், பழைய ஸ்டீல் கிட்டார் ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கியிருந்தார். கம்பெனி பெயர் அழிந்திருந்தது. புரட்டிப் பார்த்தோம். 10 தந்திகள், அடியில் பெடல்களோடு இணைந்த கம்பிகள். மடியில் வைத்து வாசிக்கும் ஹவாய் கிட்டாருக்கு இவை கிடையாது. ஆக, இது பெடல் ஸ்டீல்! பெடலை மிதித்தால் தந்தியின் சுருதி மாறும்.

நம் சித்திரவீணையிலும் மெட்டுகள் இல்லை. தந்திமேல் உருளையை நகர்த்தித்தான் வாசிப்பார்கள். அதனால் இதில் கர்நாடக இசை வாசிக்க நண்பருக்கு ஆசை. கிட்டாரில் கூடுதல் தந்திகள் சேர்த்து மோகன வீணை உருவாக்கிய விஸ்வமோகன் பட், 1994-ல் கிராமி விருதே வாங்கினார். நண்பரும் துளையிடும் கருவியை எடுத்துவிட்டார்!

தடுத்தோம். சுருதியை மாற்றினால் திரும்பக் கூட்டலாம். துளை போட்டால் போட்டதுதான். முதலில் மலை ஈரத்தில் பிடித்த துருவைத் துடைத்து, இணைப்புகளுக்கு எண்ணெய் விட்டோம். தந்திகளை ச-ப-வுக்குச் சேர்த்ததும், பனிக்குள் மோகனம் மிதந்தது. பழைய பொருளை மாற்றும் முன், அது என்னவென்று தெரிந்துகொள்ளுங்கள்.