எம்டன் கப்பலும் செண்பகராமன் பிள்ளையும்: ஆவணத்திற்கும் நினைவிற்கும் இடையே

புரட்சிக் காலத்தின் வரலாறு ஈரிடங்களில் தங்குகிறது. ஒன்று ஆவணக் காப்பகம். மற்றொன்று மக்களின் நா. ஆவணத்தை மட்டும் நம்புபவர் தம்மையொத்த ஆய்வாளர்களுக்கு எழுதி அமைதி கொள்ளலாம். ஆனால் பள்ளி விழாவிலும் நூலக அரங்கிலும் நினைவு நாளிலும் மக்கள்முன் வரலாறு கூற அழைக்கப்படுபவருக்கு அந்த அமைதி வாய்ப்பதில்லை. அவர் இரண்டிற்கும் விடை கூறக் கடமைப்பட்டவர். திருவனந்தபுரத்தில் பிறந்த செண்பகராமன் பிள்ளையின் வரலாறு அக்கடமையின் அருமையை நன்கு உணர்த்துவதாகும்.

ஊரும் பயணமும்

செண்பகராமன் பிள்ளை 15.9.1891 அன்று திருவனந்தபுரத்தில் பிறந்தார். பெற்றோர் சின்னசாமிப் பிள்ளை, நாகம்மாள். குடும்பத்தின் வேர் நாஞ்சில் நாட்டில் இருந்தது. அந்நாளில் நாஞ்சில் நாடும் திருவனந்தபுரமும் ஒரே திருவிதாங்கூர் மன்னராட்சிக்கு உட்பட்டவை. ஆதலின், தமிழ் பேசும் குடும்பம் ஒன்று தலைநகரில் வாழ்வதும், மகனை அங்கேயே படிக்க வைப்பதும் இயல்பான நிகழ்ச்சிகளே. 1908இல், ஆங்கிலேய ஆட்சியை வெறுத்த ஆங்கிலேயரும் உயிரியல் அறிஞருமான வால்டர் ஸ்ட்ரிக்லண்ட் என்பாருடன் அவர் ஐரோப்பா சென்றார். பின்னர்ச் சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரில் பொறியியல் பயின்றார். முதல் உலகப் போர் மூண்டபோது அங்கே பன்னாட்டு இந்திய ஆதரவுக் குழுவின் தலைவராக இருந்தார். 1914 செப்டம்பர்த் தொடக்கத்தில் அந்நகரிலிருந்த செருமானியத் தூதரை அணுகி, ஆங்கில ஆட்சிக்கு எதிரான எழுத்துகளைச் செருமனியில் வெளியிட இசைவு வேண்டினார். அக்டோபரில் பெர்லின் சென்று, வீரேந்திரநாத் சட்டோபாத்யாயா முதலியோருடன் இந்திய விடுதலைக் குழுவில் பணியாற்றினார். 26.5.1934 அன்று பெர்லினில் மறைந்தார்.

எம்டன் கதை

இவ்வளவையும் அறியாதவரும் செண்பகராமனைப் பற்றி ஒன்று மட்டும் அறிவர். எம்டன் என்னும் செருமானியப் போர்க்கப்பலில் வந்து சென்னையைத் தாக்கியவர் அவர் என்பதே அது. அக்கப்பலில் அவர் பொறியாளராக இருந்தார் என்பர் சிலர். துணைத்தளபதியாக இருந்தார் என்பர் வேறு சிலர்.

எம்டன் வந்ததும் சுட்டதும் உண்மை. 22.9.1914 இரவு கார்ல் ஃபான் முல்லர் தலைமையில் வந்த அக்கப்பல் சென்னைத் துறைமுகத்தை நோக்கிச் சுமார் 130 குண்டுகளை வீசிற்று. பர்மா எண்ணெய்க் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் தீப்பற்றி எரிந்தன. இந்நிகழ்ச்சியை நினைவூட்டும் கல்வெட்டு உயர்நீதிமன்ற வளாக மதிலில் உள்ளது. ஆனால் அக்கப்பல் ஐரோப்பாவிலிருந்து புறப்பட்டு வந்ததன்று. சீனக் கடற்கரையில் செருமானியர் வசமிருந்த சிங்தாவோ துறையிலிருந்து 1914 சூலை இறுதியில் புறப்பட்டு, இந்தியப் பெருங்கடலில் உலவி, நவம்பர் 9ஆம் நாள் கோகோஸ் தீவில் அழிந்தது. செப்டம்பர்த் தொடக்கத்தில் சூரிச்சில் தூதரை அணுகியவரும் அக்டோபரில் பெர்லின் சேர்ந்தவருமான ஒருவர், இடைப்பட்ட நாட்களில் அக்கப்பலில் இருந்திருக்க வழியில்லை. இதற்கு நுட்பமான ஆராய்ச்சி தேவையில்லை. நாட்களை வரிசைப்படுத்தினாலே போதும்.

எனினும் நாட்களை வரிசைப்படுத்திக் காட்டியவுடன் கதை மறைந்துவிடுவதில்லை. அதன் காரணம் மொழியிலேயே உள்ளது. சூழ்ச்சியும் துணிவும் மிக்கவனை 'எம்டன்' என்று தமிழர் இன்றும் குறிப்பிடுவர். மலையாளத்தில் மிகப் பெரியதைக் குறிக்கும் 'எமண்டன்' என்ற சொல்லும் இக்கப்பலின் பெயரிலிருந்து வந்ததென்பது பலர் கொள்ளும் கருத்து. ஆங்கில ஆட்சி அசைக்க முடியாதது என்னும் எண்ணம் அரைமணி நேரத்தில் அசைந்ததை ஒரு சொல்லே நூறாண்டுகளுக்கு மேலாகச் சுமந்து வருகிறது. அந்த அசைவில் நம்மவர் ஒருவரின் கையும் இருந்திருக்க வேண்டும் என்று மக்கள் விரும்பினர். விருப்பம் பெயரைத் தேடிற்று. செண்பகராமன் என்னும் பெயர் கிடைத்தது. எனவே எம்டன் கதை செண்பகராமனுக்குச் சான்றாகாவிடினும், மக்கள் உள்ளத்திற்குச் சான்றாகும். அதை வெறும் பொய் என்று தள்ளுபவர் ஓர் ஆவணத்தையே தள்ளுகிறார் எனலாம்.

ஆயினும் இக்கதையால் நேரும் இழப்பொன்று உண்டு. பீரங்கிக்கு அருகில் நிற்கும் வீரனுக்கு ஐயம் எழுவதில்லை. சூரிச்சில் தூதரை அணுகிய இளைஞருக்கு அப்போது வயது 22. ஒரு பேரரசை எதிர்க்க மற்றொரு பேரரசின் உதவியை நாடலாமா, அப்பேரரசு தன் நலத்தை விட்டு நம் நலத்தைப் பேணுமா என்ற வினாக்களை நேர்கொண்டு, ஒரு முடிவுக்கு வந்தவர் அவர். அம்முடிவு சரியா தவறா என்பது ஒருபுறம் இருக்க, அதன் பளுவைக் கதை நம்மிடமிருந்து மறைத்துவிடுகிறது.

அயர்லாந்தின் முன்மாதிரி

இதே வினாவை அதே நகரில் எதிர்கொண்ட மற்றொருவர் அயர்லாந்தின் ரோஜர் கேஸ்மென்ட். அவரும் 1914 அக்டோபர் இறுதியில் பெர்லின் சேர்ந்து, தம் நாட்டு விடுதலைக்குச் செருமானிய உதவியை நாடினார். 1916 ஏப்ரலில் அயர்லாந்துக் கடற்கரையில் பிடிபட்டு, ஆகஸ்ட் 3ஆம் நாள் இலண்டனில் தூக்கிலிடப்பட்டார். அவர் நாட்குறிப்புகள் உண்மையானவையா, ஆங்கிலேயர் புனைந்தவையா என்ற வழக்கு பல பத்தாண்டுகள் நீடித்தது. 2002இல் நடைபெற்ற தடயவியல் ஆய்வு அவை அவர் எழுதியவையே என முடிவு கூறிற்று. தியாகி என்று போற்றப்படுபவரை முழு மனிதராக ஏற்க ஒரு நாட்டிற்கு நெடுங்காலம் வேண்டியிருந்தது என்பது இதனால் விளங்கும்.

அந்நாடு செய்த மற்றொரு செயல் நாம் கற்கத்தக்கது. 1947இல் அரசு அமைத்த படைத்துறை வரலாற்றுச் செயலகம், 1957 வரை புரட்சியில் ஈடுபட்டோரிடம் 1,773 வாக்குமூலங்களைத் திரட்டிற்று. அவற்றுள் பெண்கள் அளித்தவையும் உள. சான்று கூறியோருள் ஓய்வூதியம் பெற்ற கடைசி ஒருவர் மறையும் வரை அவை பூட்டிவைக்கப்பட்டு, 2003இல் திறக்கப்பட்டன. இதில் குறையும் உண்டு. 1922–23இல் நிகழ்ந்த உள்நாட்டுப் போரைப் பற்றிய சான்றுகள் திரட்டப்படவில்லை. உடன்பிறந்தாரையே பகைவராக்கிய காலத்தைப் பேச நாடு அஞ்சிற்று. எனினும் உயிருடன் இருந்தோரின் சொல் எழுத்தில் நின்றது. 2014 முதல் ஓய்வூதியக் கோப்புகளும் படிப்படியாக வெளிவரலாயின.

இந்தியாவிலும் வாய்மொழி வரலாற்றுப் பதிவுகள் புது தில்லியில் 1960களில் தொடங்கின. ஆனால் பெர்லின் குழுவினருள் பலர் அதற்கு முன்பே மறைந்தனர். பரக்கத்துல்லா 1927இலும், செண்பகராமன் 1934இலும், சட்டோபாத்யாயா சோவியத் நாட்டில் 1937இலும், ஹர்தயாள் 1939இலும் இறந்தனர். அவர்களைப் பற்றி எஞ்சியவற்றுள் பெரும்பகுதி செருமானிய வெளியுறவுத் துறையின் கோப்புகளும் ஆங்கிலேய உளவுத் துறையின் குறிப்புகளுமே. ஒன்று அவர்களைப் பயன்படுத்த நினைத்தவர் எழுதியது. மற்றொன்று அவர்களைப் பிடிக்க நினைத்தவர் எழுதியது. அவர்தம் சொந்தக் குரல் அருகிய அவ்வெற்றிடத்தில்தான் எம்டன் போன்ற கதைகள் குடியேறின.

திரும்பி வந்த இருவர்

கேஸ்மென்டின் எச்சங்கள் 1965இல் அயர்லாந்துக்குக் கொண்டுவரப்பட்டன. அவர் விரும்பிய இடம் ஆன்ட்ரிம் கடற்கரையிலுள்ள மர்லோ விரிகுடா. ஆனால் பிரிவினைக்குப் பின் அவ்விடம் வேறு ஆட்சியின்கீழ் இருந்தது. எனவே மார்ச் 1ஆம் நாள் டப்ளின் நகரில் கிளாஸ்நெவின் இடுகாட்டில் அடக்கம் செய்யப்பட்டார்.

அடுத்த ஆண்டு, 1966இல், செண்பகராமனின் சாம்பல் ஊர் திரும்பிற்று. 32 ஆண்டுகள் அதைக் காத்தவர் அவர் மனைவி இலட்சுமிபாய். தாயின் சாம்பல் கரைந்த கரமனை ஆற்றில் தம் சாம்பலையும் கரைக்க வேண்டும், எஞ்சியதை நாஞ்சில் நாட்டு வயல்களில் தூவ வேண்டும் என்று அவர் விரும்பியதாக வாழ்க்கை வரலாறுகள் கூறும். அவ்விருப்பம் பிறந்தபோது ஆறும் வயலும் ஒரே நாட்டின. 1.11.1956 அன்று மொழிவழி மாநிலங்கள் அமைந்தபின் ஆறு கேரளத்திலும் வயல் தமிழ்நாட்டிலும் ஆயின. சாம்பலைக் கொச்சிக்குக் கொண்டுவந்தது இந்தியக் கடற்படையின் 'டெல்லி' என்னும் போர்க்கப்பல். எம்டனில் அவர் ஏறியதில்லை. விடுதலை பெற்ற நாட்டின் போர்க்கப்பலோ அவரை மதிப்புடன் ஏற்றி வந்தது. மக்கள் மகிழ்ந்து கேட்கத்தக்க கப்பல் கதை இதுவே. இது புனைவும் அன்று.

கூறும் முறை

இன்று செண்பகராமனுக்குச் சென்னைக் கிண்டியில் சிலை உண்டு. ஆண்டுதோறும் பிறந்த நாளில் அவர் நினைக்கப்படுகிறார். கேரளத்தார் அவரைத் திருவனந்தபுரத்தின் மகன் என்பர். தமிழர் நாஞ்சில் மண்ணின் மைந்தர் என்பர். இரண்டும் உண்மை. பழைய திருவிதாங்கூரின் அரசுப் பதிவேடுகள் திருவனந்தபுரத்தில் இருக்க, அவற்றில் பேசப்படும் ஊர்கள் பல எல்லைக்கு அப்பால் இருக்கின்றன. ஆகவே அவரை ஆராய்பவர் மலையாளமும் தமிழும் அறிந்திருத்தல் வேண்டும். பெர்லின் கோப்புகளுக்காகச் செருமன் மொழியறிவையும் நாட வேண்டும்.

மேடையில் நிற்கும் வரலாற்றாளரிடம் 'அப்படியானால் எம்டனில் அவர் வரவில்லையா?' என்ற வினா எழும்போது, கேட்பவர் குரலில் ஏமாற்றம் ஒலிக்கும். அதைக் கடிந்து திருத்துவது எளிது. மழுப்பி மகிழ்விப்பது அதனினும் எளிது. இரண்டும் கேட்பவரை மதிக்காத செயல்களாகும். 'வரவில்லை' என்று தெளிவாகக் கூறி, சூரிச்சில் முடிவெடுத்த இளைஞரையும் சாம்பலைக் காத்த மனைவியையும் அந்த இடத்தில் நிறுத்துவதே நேர்மையான விடை. பீரங்கியின் ஒலி இல்லாததால் அவ்விடை கேட்போர் உள்ளத்தில் மெல்லவே இறங்கும். அதற்குரிய பொறுமையும் வரலாற்றாளரின் கடமையுள் அடங்கும்.