உப்பளக் கரையில் ஓர் இரவு

கிறிஸ்து பிறப்பு நள்ளிரவுத் திருப்பலியில் வானவர் கீதம் ஒலிக்கும் வேளையில் கோயில் முற்றத்தில் வெடி வெடிப்பது நம் பங்குகளில் நெடுநாளைய வழக்கம். சில ஆண்டுகளுக்கு முன் அவ்வெடியோசை எழுந்த கணத்தில், எங்கள் அருகில் நின்றிருந்த ஒருவர் தூணின் பின்னே குந்தி, இரு கைகளாலும் தலையை மூடிக்கொண்டார். சிறுவர்கள் சிரித்தனர். பெரியவர் சிலர், குடித்துவிட்டு வந்திருக்கிறார் என்று முணுமுணுத்தனர். அன்று அவர் குடித்திருக்கவில்லை. அவர் ஒரு முன்னாள் படைவீரர்.

எங்கள் பங்கிலும் அண்டைப் பங்குகளிலுமாக முன்னாள் படைவீரர் எழுவர் இருக்கிறோம். எங்களுள் மூத்தவர் 1971-ஆம் ஆண்டுப் போரைக் கண்டவர். ஒருவர் 1999-இல் கார்கில் மலைமுகட்டில் நின்றவர். தூணின் பின்னே குந்திய நண்பரோ, 1987 முதல் 1990 வரை இலங்கையிலிருந்த இந்திய அமைதி காக்கும் படையில் பணிபுரிந்தவர். ஆயிரத்துக்கும் மேற்பட்ட நம் வீரர்கள் அங்கே உயிர் துறந்தனர். உயிரோடு திரும்பியவர்கள் எதைச் சுமந்து திரும்பினர் என்பதைக் கேட்டவர் சிலரே.

கிறிஸ்மஸ் முடிந்த வாரத்தில் அந்நண்பரின் மனைவி எங்களைத் தேடி வந்தார். "அண்ணே, முப்பது வருடமாக அவர் மாடியில் கதவைத் தாழிட்டுக்கொண்டுதான் படுக்கிறார். தூக்கத்தில் கத்துகிறார். கேட்டால் ஒன்றுமில்லை என்கிறார். என்னிடம் பேசவில்லை, உங்களிடமாவது பேசுவாரா?" என்றார். அவர் கண்ணீரைக் கண்டு நாங்கள் தலைகுனிந்தோம். எங்கள் வீடுகளிலும் இதே கதைதான் என்பதை அவரிடம் சொல்ல எங்களுக்கு நா எழவில்லை. எங்களுள் சிலர் கான்டீனில் வாங்கிய குப்பியில் உறக்கத்தைத் தேடியவர்கள்.

முதலில் பங்கு மன்றத்தில் ஒரு கூட்டம் கூட்டினோம். நாற்காலி போட்டு, ஒலிபெருக்கி வைத்து, பொன்னாடை போர்த்தினோம். வீரம் பற்றிய சொற்பொழிவு நன்றாக நடந்தது. மனத்தைத் திறந்தவர் ஒருவருமில்லை. மேடைக்கு எதிரே அமர்ந்தவனிடம் மக்கள் எதிர்பார்ப்பது வீரக்கதையே, அழுகையை அன்று.

அப்பொழுது மூத்தவர் ஒரு யோசனை கூறினார். மரக்காணத்து உப்பளத் தொழிலாளி ஒருவர் அவருக்குப் பழக்கமானவர். தவக்காலத்துச் சனிக்கிழமை ஒன்றில் எழுவரும் அங்கே செல்வது, இரவு வெட்டவெளியில் தங்குவது, விடியுமுன் உப்பு வாரும் வேலையில் கைகொடுப்பது, மது கூடாது, ஒருவரையும் பேசும்படி வற்புறுத்தக் கூடாது: இவ்வளவே எங்கள் திட்டம்.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் மரக்காணத்தை நெருங்குவோர், கண்ணுக்கெட்டிய தூரம் வரை கண்ணாடி பதித்தாற்போன்ற பாத்திகளையும், இடையிடையே வெண்குன்றுகளாய் நிற்கும் உப்புக் குவியல்களையும் காண்பர். மாலையில் வரப்புகளின்மேல் நடந்தோம். வரப்பு குறுகலானது, ஒருவர் பின் ஒருவராகவே செல்லல் வேண்டும். முகம் பாராமல் முன்னால் நடப்பவனிடம் பேசுவது எளிதென்பதை அன்று கண்டோம். எம்மாவு செல்லும் வழியில் சீடர் இருவரும் நடந்துகொண்டேதானே தம் துயரத்தைப் பேசினர்!

இரவு மணல்மேட்டில் தீ மூட்டி, மீன் சுட்டு, கஞ்சி குடித்தோம். நள்ளிரவு கடந்தபின் நண்பர் தாமாகவே வாய் திறந்தார். யாழ்ப்பாணத்துச் சாலையொன்றில் அவர் காவல் நின்றபோது, தாய் ஒருத்தி தன் மகனைத் தேடி வந்தாளாம். கையில் செபமாலை. பேசியது நம் தமிழ். முந்தைய நாள் நடந்த சண்டையின் நடுவில் அகப்பட்டு அப்பையன் இறந்துபோனதை நண்பர் அறிவார். அவள் கேட்டபோதோ, தெரியாது என்று சொல்லிவிட்டார். மறுநாளும் வந்தாள், மறுநாளும் தெரியாது என்றார். மூன்றாம் நாளும் அவ்வாறே. "அவள் குரல் என் அம்மாவின் குரல் மாதிரியே இருந்தது" என்றார். அதன்பின் நெடுநேரம் அலையோசை ஒன்றே கேட்டது.

உன் கடமையைத்தானே செய்தாய் என்று ஒருவரும் ஆறுதல் கூறவில்லை. மறந்துவிடு என்றும் சொல்லவில்லை. கார்கில் நண்பர் எழுந்து, தேநீர் ஊற்றிக் கொணர்ந்து, அவர் தோளோடு தோள் சேர அமர்ந்துகொண்டார். பின்னர் அவரும் தம் கதையைச் சொன்னார். பொழுது புலர்வதற்குள் எழுவரும் பேசியிருந்தோம்.

அத்தீயருகில் எங்களுக்கு இராயப்பரின் நினைவு வந்தது. தலைமைக் குருவின் முற்றத்தில் கரித்தீயருகே நின்று, மும்முறை அறியேன் என்றவர் அவர். உயிர்த்த ஆண்டவர் அவரைக் கண்டிக்கக் கூட்டம் கூட்டவில்லை. விடியற்காலையில் கடற்கரையில் கரித்தீ மூட்டி, மீன் சுட்டு, முதலில் உண்ணக் கொடுத்தார். அதன் பின்னரே மும்முறை கேட்டார். அதுவும் அன்பைப் பற்றியே.

விடியுமுன் பாத்தியில் இறங்கினோம். வெயில் ஏறினால் உப்பின் வெண்மை கண்ணைக் கூசச்செய்யும்; உவர்நீர் காலை அரிக்கும். மழைக்காலம் வந்தால் வேலையே இல்லை. இவ்வளவு இன்னலுக்கிடையிலும் அத்தொழிலாளி எங்களுக்குப் பொறுமையாய்க் கற்றுக்கொடுத்தார். "தண்ணீர் ஆழமாக நின்றால் உப்பு இறங்காது, ஐயா. மெல்லிசாகப் பரப்பி, வெயிலும் காற்றும் படவிட வேண்டும்" என்றார். பாத்தியைப் பற்றியே அவர் சொன்னார். நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

நாங்கள் செய்தது புதுமையன்று. 1948-இல் அமெரிக்காவில் ஏர்ல் ஷேஃபர் என்னும் போர்வீரர், போரில் உயிர்நண்பரை இழந்த துயரோடு 2,000 மைலுக்கும் நீண்ட அப்பலாச்சியன் மலைப்பாதையை ஒரே பயணமாய் நடந்து கடந்தார். போரை நடந்தே தீர்க்கப் புறப்பட்டதாக அவர் கூறினார். வியட்நாமிலிருந்து திரும்பியவர்கள் 1970-ஆம் ஆண்டளவில் தமக்குள் கூடிப் பேசத் தொடங்கினர். 1980-இல்தான் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் இத்துன்பத்திற்குத் தன் நோய்ப் பட்டியலில் தனிப் பெயரிட்டு இடமளித்தது.

நம் திருச்சபையிலோ இதன் வேர் இன்னும் ஆழமானது. 1521-ஆம் ஆண்டு மே 20-ஆம் நாள் பம்பலோனாவில் பீரங்கிக் குண்டால் கால் முறிந்த போர்வீரரே புனித லொயோலா இஞ்ஞாசியார். மறு ஆண்டு மன்ரேசாவில், உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம்கூட அவரை வாட்டியது. அங்கே ஆற்றங்கரையிலும் குகையிலும் கழிந்த மாதங்களில்தான் நாம் ஞான ஒடுக்கம் என்று வழங்கும் தியான முயற்சி உருப்பெற்றது. காயம்பட்ட படைவீரர் ஒருவர் உலகிற்குத் தந்த கொடையை, காயம்பட்ட படைவீரர்களுக்கு நாம் மறுக்கலாமோ?

நண்பர் ஓரிரவில் குணமடைந்துவிட்டார் என்று எழுதினால் அது பொய்யாகும். அவர் மனநல மருத்துவரிடம் சென்று மருந்து உட்கொள்கிறார். 2003-இல் தொடங்கிய முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டம் அதற்குத் துணை செய்கிறது. பெரிய வியாழனுக்கு முன் ஒப்புரவு அருட்சாதனம் பெற்றார். அத்தாயின் கதையை மனைவியிடமும் சொல்லிவிட்டார். இன்னமும் மாடியில்தான் படுக்கிறார். ஆனால் கதவைத் தாழிடுவதில்லை. நாங்களும் ஆண்டுக்கு இருமுறை அவ்வரப்பில் நடக்கிறோம்.

அன்பார்ந்த குடும்பத்தாரே! உங்கள் வீட்டிலோ தெருவிலோ இத்தகையவர் ஒருவர் இருக்கலாம். விருந்தில் அவரிடம் போர்க்கதை கேளாதீர்கள். கோயிலில் வெடி வெடிக்குமுன் அவருக்கு முன்னதாகச் சொல்லுங்கள். செபித்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று மட்டும் கூறி விலகாதீர்கள். அவரைப் போன்ற இன்னொருவரோடு சேர்த்துவையுங்கள்; இருவரும் ஒரு மாலை வெளியே நடக்கட்டும். உயிருக்கே ஆபத்தான எண்ணங்கள் தோன்றினால் சிறிதும் தாமதியாமல் மருத்துவரை நாடுங்கள். 14416 என்னும் அரசின் இலவசத் தொலைபேசி எண்ணில் இரவும் பகலும் மனநல ஆலோசனை கிடைக்கும்.

வரும் கிறிஸ்மஸ் இரவில் தூணின் பின்னே ஒருவர் குந்தினால், அவர் அருகே சென்று அமரும் ஒருவராவது நம் பங்கில் இருப்பாராக!