திங்களும் வெள்ளியும் திறக்கும் ஊர்

தை வெள்ளி, அதிகாலை

தில்லை நகரின் குறுக்குத் தெருக்களில் மருத்துவமனைக்கு வருகிறவர்களின் வண்டிகள் அடைத்துக்கொள்வதற்குள் கிளம்பிவிட வேண்டும் என்பது மனைவியின் உத்தரவு. ஊறவைத்த பச்சரிசி, வெல்லம், நெய், தேங்காய், திரி எல்லாம் டிக்கியில் ஏறிவிட்டனவா என்று கணவர் சரிபார்த்தார். போகுமிடம் கணவர் வீட்டுக் குலதெய்வம் இருக்கும் சிறுவாச்சூர். சென்னை நெடுஞ்சாலையில் சுமார் 50 கிலோமீட்டர். அந்தச் சாலையில் இருவரும் பல தடவை பறந்திருக்கிறார்கள். சாலையை விட்டுக் கிழக்கே இறங்கியதுதான் இல்லை.

இன்றைக்கு ஏன் வெள்ளி? சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் கோயில் வாரத்தில் வழக்கமாகத் திங்களும் வெள்ளியும்தான் திறக்கும். கணவரின் அலுவலக விடுப்பு அம்மனின் நாளுக்கு வளைந்து கொடுக்க வேண்டியதாயிற்று.

காலை, கொள்ளிடம்

1928-இல் கட்டிய பழைய இரும்புப் பாலம் 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் தூண் சரிந்து விழுந்ததைத் திருச்சிக்காரர்கள் இன்னும் பேசுகிறார்கள். கணவரின் தாத்தா திருச்சிக்குப் பிழைக்க வந்ததும் ஏறக்குறைய அந்தப் பாலம் வந்த காலத்தில்தான். தென்னிந்திய ரயில்வே தன் பணிமனையை நாகப்பட்டினத்திலிருந்து திருச்சியின் பொன்மலைக்கு மாற்றிய சமயம் அது. வானம் பார்த்த நிலத்தை வைத்திருந்தவருக்கு அங்கே மாதம் பிறந்தால் சம்பளம் என்பதே பெரிய அதிசயம். மகன் பெல் தொழிற்சாலைக்குப் போனார், பேரன் தில்லை நகர் அடுக்ககத்துக்கு வந்தார். நடுவில் நிலம் கைமாறிவிட்டது.

மிச்சமிருப்பது ஒரு பழைய கிரயப் பத்திரத்தின் நகல். அதில் ஊருக்கு மேல் ‘பெரம்பலூர் தாலுகா, திருச்சிராப்பள்ளி ஜில்லா’ என்று இருக்கிறது. 1995-இல் திருச்சி மாவட்டத்தைப் பிரித்தபோது அந்தத் தாலுகா புதிய பெரம்பலூர் மாவட்டத்துக்குப் போய்விட்டது.

சமயபுரம் சுங்கச்சாவடி, சிறுகனூர், பாடாலூர். தார்ச்சாலையில் சொல்ல ஒன்றுமில்லை.

காலை, கோயில்

சிறுவாச்சூரில் மாவிளக்குக்கு வீட்டில் அரைத்த மாவு எடுபடாது. அரிசியைக் கோயிலிலேயே உரலில் இடிக்கவேண்டும் என்பது வழக்கம். உலக்கை பிடித்துப் பழக்கமில்லாத மனைவி இரண்டு குத்திலேயே மூச்சு வாங்க, பக்கத்தில் இடித்துக்கொண்டிருந்த அம்மாள் உலக்கையை வாங்கிக்கொண்டார். “எந்த ஊருங்க நீங்க?” திருச்சி என்றதும் தலையாட்டி மறுத்தார். “அது இருக்கிற ஊரு. சொந்த ஊரைக் கேட்டேன்.”

கணவர் பத்திரத்திலிருந்த ஊரைச் சொன்னார். “அந்தப் பக்கமா? இப்பல்லாம் மக்காச்சோளமும் பருத்தியும்தான். பங்காளிங்க யாராச்சும் இருக்காங்களா?”

குலதெய்வம் பக்தியோடு முடிகிற விஷயமில்லை. பல சமூகங்களில் ஒரே குலதெய்வத்தைக் கும்பிடுகிறவர்கள் பங்காளிகள், அவர்களுக்குள் கொள்வினை கொடுப்பினை கிடையாது. பட்டா போனாலும், வீடு இடிந்தாலும், பெண்ணெடுக்கும்போது அந்தக் கேள்வி வந்து நிற்கும். உரலைச் சுற்றி நின்ற கூட்டத்தில் சென்னைப் பதிவெண் வண்டியில் வந்தவர்கள் இருந்தார்கள், பெங்களூரிலிருந்து இரவெல்லாம் வந்தவர்களும் இருந்தார்கள். இந்தப் புன்செய்க் காட்டுக்கு இவர்களை இழுத்துவர வேறு எந்த வேலையும் இல்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

தீபாராதனையின்போது தட்டு முதலில் மலைத் திசைக்குப் போனது. இந்த இடத்தை மதுரகாளிக்குக் கொடுத்துவிட்டு மலையேறிய செல்லியம்மனுக்கு முதல் மரியாதை என்பது தலக் கதை. மலைப்பக்கம் பெரியசாமி கோயிலில் இருந்த பெரிய சுதைச் சிலைகளை 2021-இல் யாரோ உடைத்த செய்தி நாளிதழ்களில் வந்தது. அம்மனைத் தெரியாதவர்களுக்கும் அப்போதுதான் ஊர்ப் பெயர் தெரிந்தது.

முற்பகல், ஊர்

ஆலத்தூர் பக்கம் கிழக்கே திரும்பியதும் சாலையின் பாதி மக்காச்சோளத்துக்கு. காயவைத்த மணிகளின் ஓரமாகக் காரை உருட்ட வேண்டியிருந்தது. மனைவி லால்குடிப் பக்கத்துக்காரர், வாய்க்காலும் வாழையும் பார்த்து வளர்ந்தவர். “ஏங்க, இவ்வளவு தூரத்துல ஒரு வாய்க்கால்கூட இல்லையே?” என்றார். கறுப்பு மண், பருத்திச் செடி, சின்ன வெங்காயப் பாத்தி, இடையிடையே கிணற்று மேடு.

ஊரில் தாத்தாவின் வீடு இருந்த இடத்தில் வேறொருவரின் மாடிவீடு. ஆனால் டீக்கடைத் திண்ணையில் இருந்த பெரியவருக்குத் தாத்தா பெயரைச் சொன்னவுடன் பிடிபட்டுவிட்டது: “அட, பொன்மலையார் வீடா!” திருச்சியில் மூன்று தலைமுறையாக இவர்கள் ‘பெரம்பலூர்க்காரங்க’. பெரம்பலூர்ச் சீமையிலோ பொன்மலையார். கணவருக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை.

மதியம், சாத்தனூர்

கல்மரம் பார்த்தே ஆகவேண்டும் என்று பெரியவர்தான் வழி சொன்னார். 18 மீட்டருக்கு மேல் நீளம். பல கோடி ஆண்டுகளுக்கு முன் இந்தப் பகுதியைக் கடல் மூடியிருந்தபோது, கரையில் வளர்ந்த மரங்கள் ஆற்றோடு அடித்துவரப்பட்டு வண்டலில் புதைந்தன. மரத்தின் பொருள் சிறிது சிறிதாகக் கல்லாக மாறியது. 1940-இல் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் எம்.எஸ்.கிருஷ்ணன் இதை வெளியுலகுக்குச் சொன்னார். இங்குள்ள பாறை அடுக்குகளில் ஒன்று இந்தப் பக்கத்து ஊரான ஊட்டத்தூரின் பெயரிலேயே உலகப் புவியியல் நூல்களில் இருக்கிறது. காரை, கொளக்காநத்தம் பக்கத்து அரித்த மண்மேடுகளில் அம்மோனைட் போன்ற கடலுயிர்களின் படிவங்கள் கிடைக்கின்றன. 2020 அக்டோபரில் குன்னத்தில் குளம் தோண்டியபோது வெளிப்பட்ட உருண்டைகளை ‘டைனோசர் முட்டை’ என்று கைப்பேசியில் பரப்பினார்கள். கடல் வண்டல் இறுகிய உருண்டைகள் என்று நிலவியலாளர்கள் விளக்க வேண்டிவந்தது. முட்டை என்றால்தான் கூட்டம் வருகிறது!

“உங்க பூர்வீகம் கடலுக்கடியிலா இருந்துச்சு? அதான் இப்ப தண்ணியே இல்ல” என்றார் மனைவி.

பிற்பகல், கல்லக்குடி வழியாக

அந்தக் கடல் விட்டுப்போன சுண்ணாம்புக்கல்தான் டால்மியாவின் சிமென்ட் ஆலையை 1939-இல் இங்கே கொண்டுவந்தது. ஆலை வந்ததும் ரயில் நிலையம் டால்மியாபுரம் ஆனது. ஊர்ப்பெயர் கல்லக்குடியாகவே இருக்கவேண்டும் என்று 1953 ஜூலை 15-இல் மு.கருணாநிதி தண்டவாளத்தில் படுத்தார். கணவரின் அப்பா அந்தக் கதையைச் சொல்லாத பொங்கல் கிடையாது. ஆனால் ஆலைப் புகைபோக்கியைக் கணவர் இவ்வளவு அருகில் பார்ப்பது இதுதான் முதல்.

புள்ளம்பாடி தாண்டியதும் நிலத்தின் நிறம் மாறியது. சம்பா அறுவடை இயந்திரங்கள் வயலில் நின்றன, சாலையோரம் நெல். மனைவி ஜன்னலை முழுதாக இறக்கிவிட்டு, எது யாருடைய வயல், எது பிளாட் போட்டு விற்றது என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு வந்தார். கல்யாணத்துக்குப் பிறகு புகுந்த வீட்டுச் சாமிதான் பெண்ணுக்குக் குலதெய்வம் என்பது அவருக்கு எப்போதும் உறுத்தும் விஷயம்.

“என் பொறந்த வீட்டுச் சாமிக்குத் திங்கள், வெள்ளின்னு கெடுவெல்லாம் கெடையாது. இதோ, அந்த வேம்புக்குப் பின்னாடிதான். நாளைக்கே வரலாமா?”

நாளைக்கு வண்டியை சர்வீஸுக்கு விடவேண்டும் என்றார் கணவர். பஸ் இருக்கிறதே என்றார் மனைவி.