முளையும் விளைவும்

"விளையும் பயிர் முளையிலே தெரியும்" என்பது நம் நாட்டில் யாவரும் இளமை முதற்கொண்டு கேட்டு வரும் பழமொழி. முப்பத்துநான்கு ஆண்டு கணித ஆசிரியனாய் இருந்த யான், இதனை எத்துணைப் பெற்றோரிடத்து எடுத்தோதினேன் என்பதற்குக் கணக்கில்லை. இதன் உண்மையை ஐயுறும்படியான சந்தர்ப்பம், ஓய்வு பெற்ற பின்னர், நமக்குச் சற்றும் பழக்கமில்லாத ஓர் ஆட்டத்தின் மூலமாக எனக்கு வாய்த்தது. அதனை, என்னைப் பயிற்றுவித்த இக்கல்லூரியின் மலர் வாயிலாக அன்பர்கட்கு எடுத்துரைக்க விரும்புகின்றேன்.

2019-ஆம் ஆண்டுக் கோடையில் யான் அமெரிக்காவில் என் மகள் வீட்டிற்குச் சென்று தங்கியிருந்தேன். ஒரு நாள் மாலை, பதினோரு வயதுள்ள என் பேரன், ஒஹாயோ மாநிலத்து டொலீடோ நகரில் நடைபெற்ற பேஸ்பால் ஆட்டத்திற்கு என்னை அழைத்துச் சென்றான். அந்நகரக் குழு முதல்தரக் குழுக்களுள் ஒன்றன்று. அவற்றிற்கு ஆட்களைப் பழக்கி அனுப்பும் அடுத்த படியிலுள்ள குழு. ஆகவே அங்கு ஆடுவோர் பலரும் இளைஞர். ஒவ்வொருவர் கண்ணும் மேற்படியை நோக்கியே இருக்கும். அன்று ஓர் இளைஞன் இருமுறை மட்டையை வீணே சுழற்றிவிட்டுத் தலை குனிந்து திரும்பினான். மூன்றாம் முறை அவன் அடித்த பந்து இடப்புற வேலிக்கு மேலே பறந்து மறைந்தது. நம் கிரிக்கெட்டில் ஆறு ஓட்டம் தரும் அடியை ஒத்த இதனை 'ஹோம் ரன்' என்பர். கூட்டத்தினர் ஆரவாரித்தனர். என் பேரன் என் கையைப் பற்றி, "தாத்தா! இவருக்கு இருபத்திரண்டு வயதுதான் ஆகிறது. இவர் மொத்தம் எத்தனை ஹோம் ரன் அடிப்பார்? நீங்கள் கணக்கு வாத்தியார்தானே, சொல்லுங்கள்!" என்றான்.

யான் நகைத்தேன். ஆனால் அந்நாட்டில் இது நகைக்கத்தக்க வினாவன்று என்பதைப் பின்னரே அறிந்தேன். பெரும்பொருள் செலவிட்டு இளைஞரைத் தேர்ந்தெடுக்கும் குழுக்களுக்கு இவ்வினாவே பிழைப்பு. ஊர்தோறும் சென்று பள்ளி மாணாக்கரின் ஆட்டத்தைக் கண்டு மதிப்பிடுவதற்கென்றே 'ஸ்கௌட்' எனப்படும் தேர்வாளர் உளர். அவர்கள் 20 முதல் 80 வரை மதிப்பெண் இடுவர். 50 என்பது முதல்தர ஆட்டக்காரனின் நடுத்தர ஆற்றல். பயிற்சி வேளையில் மெதுவாக வரும் பந்தை வெகுதூரம் அடிக்கும் உடல்வலி வேறு. மெய்யான ஆட்டத்தில் அவ்வலியைப் பயன்படுத்தும் திறம் வேறு. ஆகவே இவ்விரண்டிற்கும் அவர்கள் தனித்தனியே எண் இடுகின்றனர். மணிக்கு 95 மைல் வேகத்தில் எறியப்பட்ட பந்து, ஒரு வினாடியில் ஏறக்குறைய பத்தில் நான்கு பங்குக்குள் மட்டையை வந்தடையும். அவ்விமைப்பொழுதில் எதனை அடிப்பது, எதனை விடுவது என்று தெளியமாட்டாதவனுக்குப் புயவலி இருந்தும் பயனில்லை. அன்றியும், பள்ளிச் சிறுவர் உலோக மட்டையால் ஆடுவது வழக்கம். தொழில்முறை ஆட்டத்திலோ மரமட்டையே விதி. உலோகத்தில் தோன்றிய வலிமை மரத்தில் தோன்றாமற் போவதும் உண்டு.

2015-ஆம் ஆண்டு முதல் முதல்தர அரங்குகள் அனைத்திலும், அடிபட்ட பந்தின் வேகத்தையும் அது மேலெழும் கோணத்தையும் கருவிகள் அளந்து வருகின்றன. மணிக்கு 98 மைல் வேகமும் 26 முதல் 30 பாகை வரையுள்ள கோணமும் ஒருங்கே அமைந்த அடியை மிகச் சிறந்த அடிகளின் வகையிற் சேர்ப்பர். வேகம் மிகுந்தால் கோணத்தின் எல்லை இன்னும் அகலும். ஆகவே ஹோம் ரன் என்பது குருட்டு அதிர்ஷ்டமன்று. அளந்தறியத்தக்க காரணங்களின் காரியமே.

ஆயினும் அளவு ஒன்று, தீர்ப்பு ஒன்று. ஆறடி ஏழங்குல உயரமுள்ள ஆரன் ஜட்ஜ், 2016-ஆம் ஆண்டு நியூயார்க் யாங்கீஸ் குழுவில் முதன்முதல் மட்டை பிடித்த வாய்ப்பிலேயே ஹோம் ரன் அடித்தார். ஆனால் அப்பருவத்தில் அவருக்குக் கணக்கிடப்பட்ட 84 வாய்ப்புகளில் 42-இல் பந்தைத் தொடமாட்டாது ஆட்டமிழந்தார். அரையாண்டுத் தேர்வில் இத்தகைய விடைத்தாளைக் கண்டிருப்பின் யான் என்ன எழுதியிருப்பேன் என்பதைச் சொல்ல நாணுகின்றேன். அடுத்த ஆண்டு அவர் அடித்த ஹோம் ரன் 52. 2022-ஆம் ஆண்டு 62.

இஃது இங்ஙனமிருக்க, பேரனுக்கு விடை கூறும் பொருட்டு ஒரு சூத்திரத்தைத் தேடிப் பிடித்தேன். அதனை இயற்றியவர் பில் ஜேம்ஸ் என்பவர். அவரைப் பயற்றை டப்பியில் அடைக்கும் ஆலையொன்றில் இரவுக் காவலராய் இருந்துகொண்டே இவ்வாட்டத்தின் புள்ளிவிவரங்களை ஆராய்ந்த பேரறிஞர். அதன் முறை எளிது. கடைசி ஆண்டின் எண்ணை மூன்றாலும், அதற்கு முந்திய ஆண்டின் எண்ணை இரண்டாலும் பெருக்கி, அதற்கும் முந்திய ஆண்டின் எண்ணோடு கூட்டி ஆறால் வகுத்தால், ஆட்டக்காரனின் ஆண்டுச் சராசரி கிடைக்கும். அவனுடைய வயதைப் பத்தில் ஆறு பங்காக்கி 24-இலிருந்து கழித்தால், அவன் இனி ஆடக்கூடிய ஆண்டுகள் கிடைக்கும். இவ்விரண்டின் பெருக்கமே எதிர்காலம்!

உணவு மேசையின்மீது தாளை விரித்து, யானும் பேரனும் முன்னாள் வீரர் இருவரைச் சோதித்தோம். எடீ மாத்யூஸ், ஹாங்க் ஆரன் என்னும் இவ்விருவரும் ஒரே குழுவில் ஆடியவர்கள். இருவரும் 23 வயதில் நான்கு பருவங்களை முடித்தவர்கள். மாத்யூஸ் அந்நான்கு ஆண்டுகளில் 25, 47, 40, 41 என 153 ஹோம் ரன் அடித்தார். ஆரன் 13, 27, 26, 44 என 110 அடித்தார். சூத்திரத்தின்படி மாத்யூஸ் தம் வாழ்நாளில் 578-ம், ஆரன் 469-ம் அடித்திருத்தல் வேண்டும். நடந்தது யாது? மாத்யூஸ் 512-உடன் நின்றார். ஆரன் 755 அடித்தார்!

பேரன் திகைத்தான். "தாத்தா, நாம் கணக்கில் தவறு செய்துவிட்டோமா?" என்றான். கணக்கில் தவறில்லை. ஆரன் இன்னும் பத்து ஆண்டே ஆடுவார் என்றது சூத்திரம். அவர் பத்தொன்பது ஆண்டு ஆடினார். தம் 37-ஆம் வயதில் ஒரே பருவத்தில் 47 அடித்தார். ஆண்டுக்கு ஐம்பது என்பதை ஒருபோதும் எட்டாத அவர், தளராமை ஒன்றினாலேயே, 714 அடித்த பேப் ரூத்தை 1974-ஆம் ஆண்டு ஏப்ரல் 8-ஆம் நாள் கடந்தார். தளராமையை இருபத்துமூன்று வயதில் எக்கருவியால் அளப்பது?

இதற்கு மறுதலையும் உண்டு. பாஸ்டன் குழுவின் டோனி கோனிகிலியாரோ தம் 19-ஆம் வயதில் 24-ம், 20-ஆம் வயதில் 32-ம் அடித்தார். 22 வயதிலேயே நூற்றைத் தொட்டார். முளை என்றால் அதுவன்றோ முளை! 1967-ஆம் ஆண்டு ஆகஸ்டு 18-ஆம் நாள் எறிபந்து அவருடைய இடக்கன்னத்தைத் தாக்கிற்று, கண்பார்வை பழுதுற்றது. மீண்டு வந்து அருமையாக ஆடியும், முடிவில் 166-உடன் விலகினார். பயிரின் குணம் முளையில் தெரியலாம். வரப்போகும் ஆலங்கட்டி மழை முளையில் தெரியாது.

இவ்வளவும் சூத்திரத்தின் குறை எனலாம். ஆனால் குற்றம் எனல் ஆகாது. ஏனெனில் தாளில் எழுதிய எண் ஒருவனையும் ஆடவிடாமல் தடுப்பதில்லை. கதவின் திறவுகோலைக் கையில் வைத்திருப்போர் கூறும் தீர்ப்போ அத்தகையதன்று. கருப்பினத்தார் முதல்தரக் குழுக்களில் ஆடலாகாது என்னும் எழுதா விதி அந்நாட்டில் 1947-ஆம் ஆண்டு வரை ஆண்டது. கருப்பினத்தார் குழுக்களில் ஒப்பற்றவராய் விளங்கிய ஜாஷ் கிப்ஸன், அவ்வாண்டு ஜனவரியில் 35-ஆம் வயதில் மாண்டார். மூன்று திங்கள் கழித்து ஜாக்கி ராபின்ஸனுக்குக் கதவு திறந்தது. கிப்ஸன் முன்னேறாதது முளையின் குற்றமோ? ஆரன் கருப்பினத்தாரே, அக்கதவு திறந்தபோது அவருக்கு வயது 13. இருபது ஆண்டு முந்திப் பிறந்திருப்பின், எந்தச் சூத்திரத்திலும் அவர் பெயர் ஏறியிராது. வெள்ளை இனத்தவருள்ளும் மைக் பியாட்ஸா என்பவர் 1988-ஆம் ஆண்டுத் தேர்வில் 1390-ஆம் ஆளாகவே எடுக்கப்பட்டார். அதுவும் தந்தையின் நண்பர் ஒருவர் கேட்டுக்கொண்டதன்பேரில். அவர் அடித்தது 427. வேண்டுகோள் விடுக்க நண்பரில்லாத பியாட்ஸாக்கள் எத்தனை பேரோ!

இவ்விடத்தில் என் பேனா தயங்குகின்றது. ஆயினும் எழுதியே தீரல் வேண்டும். பல்லாண்டுகட்கு முன்னர், தச்சர் ஒருவரின் மகன் என்னிடம் மேனிலை வகுப்பில் கணிதம் பயின்றான். காலாண்டுத் தேர்வில் மிகக் குறைந்த எண் பெற்றான். அவன் தந்தையை வரவழைத்து, "இவனுக்குக் கணக்கு வராது, வேறு பிரிவில் சேர்த்துவிடுங்கள்" என்றேன். பழமொழியையும் மறவாது சொன்னேன். "ஐயா சொன்னால் சரியாகத்தான் இருக்கும்" என்று அவர் கைகூப்பிச் சென்றார். ஒரே ஒரு தேர்வு; ஒரே ஓர் எண்.

அமெரிக்காவிலிருந்து திரும்பிய அடுத்த ஆண்டு, என் உறவினர் கட்டிய வீட்டைக் காணச் சென்றேன். அங்கே மரத்தாற் சுருள்படி அமைத்துக்கொண்டிருந்தவன் அவனே. பலகையொன்றில் வட்டம் வரைந்திருந்தான். பத்தரை அடி உயரத்தைப் பதினெட்டுப் படிகளாகப் பகுத்து, படி ஒன்றிற்கு ஏழு அங்குல உயரமும் இருபது பாகைத் திருப்பமுமாகக் கவராயத்தால் பிரித்திருந்தான். ஒரு மயிரிழையும் பிசகவில்லை. "தம்பி, இந்தக் கணக்கை உனக்கு யார் சொல்லிக் கொடுத்தது?" என்றேன். அவன் வெட்கத்துடன் சிரித்து, "இது கணக்கில்லை ஐயா, தொழில். எனக்குத்தான் கணக்கு வராது என்று அன்றைக்கே நீங்கள் சொன்னீர்களே" என்றான். அவன் குரலில் குறை கூறும் தொனி எள்ளளவுமில்லை. அதுவே என்னைச் சுட்டது. வட்டத்தைப் பதினெட்டாகப் பகுக்கும் கை அவனிடம் இருந்தது. 'வராது' என்ற என் சொல்லும் அவனிடம் இருந்தது. இரண்டில் என் சொல்லையே அவன் நம்பினான்.

வேதாகமம் கற்ற நம் மாணாக்கர்கள் சாமுவேல் தீர்க்கதரிசியின் வரலாற்றை அறிவர். ஈசாயின் மூத்த குமாரனுடைய தோற்றத்தைக் கண்டு, இவனே அரசனாவான் என்று எண்ணினார் அப்பெரியார். ஏழு குமாரர் அவர்முன் கடந்து சென்றனர். எட்டாமவனோ ஆடு மேய்க்கப் போயிருந்தான். அவனை அழைக்க வேண்டுமென்று தந்தைக்கே தோன்றவில்லை. தீர்க்கதரிசியும் தவறக்கூடுமாயின், காலாண்டு விடைத்தாளைக் கையில் வைத்திருக்கும் நாம் எம்மாத்திரம்! எனினும் அவர் ஒரு நன்மை செய்தார். இன்னும் ஒருவன் உண்டோ என்று கேட்டார். யான் கேட்கவில்லை.

ஆகவே, ஆசிரிய நண்பர்களே, அளவிடுதலை விட்டுவிடுங்கள் என்று யான் கூறவில்லை, அளவில்லையேல் கல்வியில்லை. அளந்ததைச் சொல்லுங்கள், அதற்கப்பால் உள்ளதைத் தீர்ப்பாக்காதீர்கள். மாணாக்கர்காள், உங்களைக் குறித்துப் பெரியோர் கூறும் எண்ணை மதித்துக் கேளுங்கள். அஃது உங்கள் கடந்த காலத்தின் எண் என்பதை மட்டும் மறவாதிருங்கள்.

என் பேரனின் வினாவிற்கு யான் அளித்த விடை இன்னும் எஞ்சியுள்ளது. அவ்விளைஞன் எத்தனை ஹோம் ரன் அடிப்பான் என்று அவன் இரண்டாம் முறையும் கேட்டான். "தெரியாதப்பா. நாளைக்கும் அவனை ஆடவிடுவார்களா என்று முதலில் கேள்" என்றேன்.